ஏசி ஓடவில்லை என்றால் கேஸ் போய்விட்டது என்பார்கள்: கடலூர் வெயிலில் நான் பட்ட பாடு

கோடையில் ஏசி ஓடவில்லை என்பதை ஒரு துன்பமாக வெளியில் சொல்லவே சிலர் கூச்சப்படுவார்கள். என் வீட்டு நிலைமை வேறு. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவை நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். அப்பாவால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. முதுகில் வேர்வை ஊறி நின்றால் தோல் கன்றிவிடும். கன்றிய இடம் புண்ணானால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அறை உலர்வாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் ஏசியே வந்தது. அது கத்திரி வெயிலின் நடுவில் நின்றுபோனது. வந்தவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் வீணாயிற்று. கடைசியில் கோளாறு இருந்த இடம் ஏசிக்குள்ளேயே இல்லை. இதையெல்லாம் முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணமும் போயிருக்காது, அப்பாவும் அவ்வளவு வாடியிருக்க மாட்டார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் போகும் பக்கம் இருக்கிறது. பகலெல்லாம் மேல்காற்று அனலாக வீசி, கடற்காற்று உள்ளே வராமலே இருட்டிவிட்ட ஒரு நாள் அது. இரவு கரண்ட் போய், சிறிது நேரத்தில் திரும்பியது. மின்விசிறி சுற்றியது, விளக்குகள் எரிந்தன. ஏசியிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. வழக்கமாகக் கரண்ட் வந்ததும் கேட்கும் பீப் ஒலி இல்லை, முகப்பில் எப்போதும் தெரியும் சிறு விளக்கும் இல்லை. ரிமோட்டில் புது பேட்டரி போட்டேன். பிறகு கைப்பேசிக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதன் முன்னால் காட்டிப் பட்டனை அழுத்தினேன். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கேமராவில் ஊதா நிறமாக மினுக்கும். மினுக்கியது. அப்படியானால் ரிமோட்டில் குறை இல்லை. சில கைப்பேசிகளின் பின்பக்கக் கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடும். முன்பக்கக் கேமராவில் பார்ப்பது நல்லது.

அடுத்து, உள்ளே மாட்டியிருக்கும் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினேன். வலது ஓரத்தில் ஒரு சிறு பட்டன் இருக்கும். ரிமோட் இல்லாமலே இயக்குவதற்காக வைத்தது அது. பல வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அழுத்தினேன்; அசைவில்லை. எம்சிபி, அதாவது கோளாறு வந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழுந்த எம்சிபி சில நேரம் பாதியில் நின்று, மேலே இருப்பது போலவே தோன்றும். அதை முழுக்கக் கீழே தள்ளிவிட்டுத்தான் மேலே தூக்க வேண்டும். தூக்கியதும் மறுபடி விழுந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்ப்பது ஆபத்து. எங்கள் வீட்டில் அது விழவே இல்லை. ஸ்டெபிலைசர் இல்லாமலே ஓடும் என்று கடையில் சொன்ன இன்வெர்ட்டர் ஏசி என்பதால் இடையில் பார்க்க வேறு எதுவும் இல்லை. ஸ்டெபிலைசர் இருக்கும் வீடுகளில் முதலில் அதன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்த பிறகு அது சில நிமிடம் காத்திருந்துதான் ஏசிக்கு மின்சாரம் கொடுக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இது பின்னால்தான் புரிந்தது, புரிந்த பிறகு எல்லாமே தெளிவாகிவிட்டது. நாம் ஆளைக் கூப்பிடும்போது 'ஏசி ஓடவில்லை' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. விளக்கு எரிந்து, காற்றும் வந்து, குளிர்ச்சி மட்டும் இல்லை என்றால் அது ஒன்று. பீப் ஒலி கேட்கிறது, ஆனால் வெளி யூனிட் ஓடவில்லை என்றால் அது இன்னொன்று. அப்போதும் மூன்று நான்கு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும், கம்ப்ரசர் நின்றவுடன் மறுபடி தொடங்காதபடி ஏசியே தாமதம் வைத்திருக்கிறது. ஒலியும் இல்லை, விளக்கும் இல்லை, அந்தச் சிறு பட்டனுக்கும் அசையவில்லை என்றால் அது மூன்றாவது. அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்: ஏசி வரைக்கும் மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, அல்லது ஏசிக்குள் இருந்து அதை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டு போய்விட்டது. போனில் பேசும்போதே இந்த மூன்றில் எது என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் பேசும் விதமே மாறும்.

அன்றிரவு அப்பாவுக்கு மின்விசிறியை வேகமாக வைத்து, ஈரத்துணியால் கை, கழுத்து, முதுகு என்று துடைத்துக்கொண்டே இருந்தேன். ரெக்சின் விரிப்பை எடுத்துவிட்டுப் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டேன். எதிர்வீட்டு அண்ணி மனம் கேட்காமல் அவர்கள் வீட்டு ஏர் கூலரைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்த அன்பை மறக்க மாட்டேன். ஆனால் கூலர் நீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் கடற்கரை ஊரில், அதிலும் இரவில், நீர் அவ்வளவாக ஆவியாகாது. ஜன்னலை மூடிய அறையில் கூலரை ஓடவிட்டால் பிசுபிசுப்புதான் கூடும். அரைமணியில் அப்பாவின் நெற்றி மறுபடி நனைந்துவிட்டது. கூலரை அணைத்து ஜன்னல்களைத் திறந்தேன். அவருக்கு இப்போது பேச்சு வருவதில்லை. தாகம் என்றால்கூடச் சொல்ல மாட்டார். வயதானவர்களுக்குத் தாக உணர்வே குறைந்துவிடும் என்பதால், கேட்கும்வரை காத்திருக்காமல் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விடியும்வரை எனக்குப் பயம்தான்.

காலையில் நிறுவனத்தின் சேவை எண்ணுக்குப் பேசினேன். எங்கள் ஏசிக்கு உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. புகாரைப் பதிந்துகொண்டு ஓர் எண்ணை அனுப்பினார்கள். கோடை நெரிசல், ஆள் வரத் தாமதமாகும் என்றார்கள். சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஏமாற்றுபவர்களின் எண்களும் தேடலில் வருகின்றன. ரசீதிலோ, உத்தரவாத அட்டையிலோ, ஏசியின் மேலேயே ஒட்டிய தாளிலோ இருக்கும் எண்ணை எடுங்கள். உத்தரவாதம் முடியாதவர்கள் அந்த அட்டையை ஒரு முறை படித்துவிடுங்கள். முழு ஏசிக்கு ஓர் ஆண்டு என்றிருந்தாலும் போர்டுக்கும் கம்ப்ரசருக்கும் தனியாகப் பல ஆண்டுகள் தரும் நிறுவனங்கள் உண்டு. வெளியாள் திறந்த ஏசிக்கு அதைத் தர மறுத்துவிடுவார்கள்.

அப்பாவை வைத்துக்கொண்டு என்னால் காத்திருக்க முடியவில்லை. தெருமுனை மின்கம்பத்தில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து ஒருவரை அழைத்தேன். வந்தார். உள் யூனிட்டை அண்ணாந்து பார்த்தார். மாடிக்கு ஏறி வெளி யூனிட்டைப் பார்த்துவிட்டு இறங்கினார். 'கேஸ் போயிருக்கிறது அக்கா. நிரப்பிவிட்டால் ஓடும். மூவாயிரம் ஆகும்' என்றார். விளக்கே எரியவில்லையே தம்பி, அதற்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கேஸ் இல்லை என்றால் ஏசி தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திக்கொள்ளும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பார்த்த கூலியாக 500 ரூபாயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்று நிமிடத்துக்கு 500 ரூபாய். அப்பாவின் ஒரு வார டயப்பர் செலவு அது.

கேஸ் என்பது செப்புக் குழாய்களுக்குள் அடைபட்டு, சுற்றிச் சுற்றி வருவது. வண்டியின் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. எங்காவது கசிந்தால்தான் குறையும்; கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே நிரப்பினால் அதுவும் போய்விடும். கேஸ் குறைந்த ஏசியில் விளக்கு எரியும், காற்று வரும், குளிர்தான் இருக்காது. சில இன்வெர்ட்டர் ஏசிகள் கேஸ் குறைந்தால் ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். அப்போதும் முகப்பில் ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டிவிட்டுத்தான் நிற்கும். விளக்கே எரியாத ஏசியைப் பார்த்து யாராவது கேஸ் என்று தொடங்கினால், தயங்காமல் வாசலைக் காட்டுங்கள்.

இரண்டாவதாக வந்தவர் விவரம் தெரிந்தவர் போலப் பேசினார். ஏசிக்கு அருகே சுவரில், அதன் பிளக்கைச் செருகும் பெட்டியான ஏசி பாக்ஸின் முன்பக்கத்தைக் கழற்றினார். டெஸ்டரை வைத்தார், சிவப்பாக எரிந்தது. 'கரண்ட் நன்றாக வருகிறது மேடம், பாருங்கள். போர்டுதான் போயிருக்கிறது' என்றார். கண்ணெதிரே டெஸ்டர் எரிந்தபோது எதை வைத்து மறுப்பது? போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, முன்பணமாக 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு நாட்கள் நகர்ந்தன. போன் செய்தால் உதிரிப் பொருள் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார். மறுநாள் புதுச்சேரி என்றார். அப்பாவின் இடுப்பில் ஓரிடம் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் அப்படியே இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்து, அந்த இடம் படுக்கையில் படாமல் தலையணை கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். அந்த நாட்களில் யார் மீது என்று தெரியாத ஒரு கோபம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

ஒருவழியாகப் போர்டு வந்தது. மொத்தம் 6,500 ரூபாய். மாட்டி, பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். பீப் என்றது! அழுகையே வந்துவிட்டது எனக்கு. இரண்டே இரவுகள். மறுபடி கரண்ட் போய் வந்தபோது ஏசி பழையபடி பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. அவர் திரும்பி வந்து 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, வெளி யூனிட்டின் போர்டும் போயிருக்கிறது, அதற்கு 14,000 ரூபாய் ஆகும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

போர்டைக் கழற்றிக் கொடுப்பவர்கள் அதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒட்டியிருக்கும் எண் தெரியும்படி. என்ன கோளாறு என்று எழுதச் சொல்லுங்கள். பழுது பார்த்ததா, மாற்றியதா என்று ரசீதில் இருக்க வேண்டும். மாற்றியது என்றால் பழைய போர்டு நம் கைக்கு வர வேண்டும். நான் படம் எடுத்து வைத்திருந்தேன். திரும்பி வந்தது எங்கள் பழைய போர்டேதான், எண்கூட மாறவில்லை. புதிதாக ஏதாவது பற்றவைத்த அடையாளம் அதில் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வயரிங் செய்த பெரியவர் முதுநகரில் இருக்கிறார். அப்பாவின் நண்பர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்து ஊரையே புரட்டிப் போட்டதே, பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்து கரண்ட் வந்தபோது, அப்பாவும் அவரும்தான் எங்கள் வீட்டின் ஒவ்வொரு சுவிட்ச் போர்டையும் திறந்து, துடைத்து, காயவிட்டு, அதற்குப் பிறகே மெயினைப் போட்டார்கள். வயதாகிவிட்டதால் இப்போது வேலைக்குப் போவதில்லை. அப்பாவைப் பார்க்க வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலை ஒரு ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பும், அதிலிருந்து நீளும் இரண்டு வயரும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஏசி பாக்ஸில் டெஸ்டரை ஃபேஸில், அதாவது மின்சாரம் வரும் கம்பியில் வைத்தார், எரிந்தது. நியூட்ரலில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியில் வைத்தார், அதிலும் எரிந்தது. ஏசியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி நியூட்ரலில் வைத்தார்; இப்போது எரியவில்லை. 'பார்த்தாயா பாப்பா, இது திரும்பிப் போக வழியில்லாத கரண்ட். ஃபேஸ் வழியாக வந்து, ஏசிக்குள் போய், நியூட்ரல் பக்கம் வந்து நிற்கிறது' என்றார். பல்பின் இரண்டு வயர்களையும் ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார். இழைகூடச் சிவக்கவில்லை. டெஸ்டர் எரிய ஒரு மில்லி ஆம்பியரைவிடக் குறைந்த மின்சாரமே போதும். அது நம் உடம்பு வழியாகவே தரைக்குப் போய்விடுகிறது. அதனால் நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் கம்பீரமாக எரியும். ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர் இழுப்பது. அதற்குப் போகவும் வரவும் இரண்டு வழியும் முழுதாக வேண்டும். மல்டிமீட்டர்கூட அறுந்த கம்பியில் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டி ஏமாற்றிவிடும் என்றும், பளு கொடுத்துப் பார்க்கப் பல்புக்கு ஈடில்லை என்றும் சொன்னார்.

மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைச் சுவரிலிருந்தே கழற்றி, என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நியூட்ரல் திருகின் தலை கறுத்திருந்தது. அதன் அடியில் இருந்த கம்பி இழைகளில், புளி போட்டுத் துலக்காத செப்புக் குடத்தில் படியுமே, அந்தப் பச்சைக் களிம்பு பொடியாகப் பூத்திருந்தது. மேலே இருந்த கறுப்பு உறை ஓரங்குல நீளத்துக்குச் சுருங்கி, தொட்டதும் உதிர்ந்தது. அவர் கம்பியை லேசாக அசைத்தார். நாலைந்து இழைகள் கையோடு வந்துவிட்டன. பெட்டி இருந்தது கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில். மாலைக் கடற்காற்று நேராக அதன் மேல்தான் அடிக்கிறது. உப்பு ஈரம் கம்பியை அரிக்கிறது; அரித்த இடத்தில் பிடிப்பு தளர்கிறது; தளர்ந்த இடம் சூடாகிறது; சூடு மேலும் அரிக்கிறது. கரண்ட் போய் வரும்போது சூடாகி ஆறும் கம்பி விரிந்து சுருங்குவதில் தொடுப்பு விட்டுப்போகும். பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் அந்த அசைவில் மறுபடி தொட்டுக்கொள்ளும். போர்டு மாட்டிய அன்று ஏசி ஓடிய காரணம் அதுதான்.

செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை கம்பியை வெட்டி, முனையில் லக் என்ற சிறு உலோகத் தொடுப்பை வைத்து நசுக்கி, புதுப் பெட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி உள்சுவரில் மாட்டினார். அவரோடு வந்த பையனின் கூலி 500 ரூபாய், பொருட்கள் 650 ரூபாய். அவர் தனக்கென்று எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். ஏசி அன்றிலிருந்து ஓடுகிறது. அப்பாவின் இடுப்புச் சிவப்பு புண்ணாகாமல் மறைந்தது.

தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, முதுநகர், அந்தப் பக்கம் புதுச்சேரியில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் என்று கடலோரம் இருப்பவர்கள் எல்லோரும், கோடைக்கு முன்பாக மாசியிலோ பங்குனியிலோ ஓர் எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஏசி பாக்ஸைத் திறந்து திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள். பிளக் சூடாக இருந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, பாக்ஸிலிருந்து கொர்ரென்று சத்தம் கேட்டாலோ அது முன்னறிவிப்பு, அன்றே அணைத்துவிடுங்கள். ஆள் வந்தால் முதல் வார்த்தையாக, 'தம்பி, டெஸ்டர் வேண்டாம், பல்பு வைத்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். நீங்களே பெட்டியைத் திறக்க வேண்டாம். நியூட்ரல் அறுந்த இடத்தில் ஏசி ஓடாவிட்டாலும் தொட்டால் ஷாக் அடிக்கும். வெளி யூனிட்டில் இருக்கும் கெப்பாசிட்டர் மெயினை அணைத்த பிறகும் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஏசி மட்டுமல்லாமல் வீட்டில் ஒரு விளக்கு மங்கி இன்னொரு விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் அது மெயின் நியூட்ரல் கோளாறாக இருக்கலாம். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் எரிந்துவிடும். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

போர்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த இரண்டாவது ஆளுக்குப் பேசினேன். வேலை செய்தேன், கூலி வாங்கினேன் என்றார். படங்கள் இருக்கின்றன, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அங்கே புகார் தருகிறேன் என்றேன். மறுநாள் 2,000 ரூபாய் அனுப்பினார். மீதிக்காகப் புகார் பதிந்திருக்கிறேன்.